டிரீப்பியின் முட்டையும் கடைசி வரிக் குறிப்பும்

போக்கெமோன் என்னும் கற்பனை உயிரினங்களை வளர்த்து மோதவிடும் காணொளி விளையாட்டான போக்கெமோன் சுவோர்டின் இணையத் தரவரிசைப் போட்டிகளில் எல்லாப் போக்கெமோன்களும் 50ஆம் நிலைக்குச் சமப்படுத்தப்பட்டே களமிறங்குகின்றன. அந்த நிலையில், வேகத்தைக் கூட்டும் ‘ஜாலி’ என்ற பிறவி இயல்பும் வேகத்தில் முழுப் பயிற்சியும் பெற்ற டிராகபுல்ட் என்னும் போக்கெமோனின் வேகம் 213 ஆகும். ஆறு திறன்களுக்கும் பிறவியிலேயே 0 முதல் 31 வரை ஒரு மறைமதிப்பு அமைகிறது. விளையாடுவோர் இதைத்தான் ஐவி என்கிறார்கள். வேகத்தின் ஐவி 31க்குப் பதில் 30 ஆகிவிட்டால் 213 என்பது 212 ஆகிவிடும். இரண்டு டிராகபுல்ட்டுகள் எதிரெதிரே நிற்கும்போது, இந்த ஒரு புள்ளி குறைவாக உள்ள டிராகபுல்ட்தான் ஒவ்வொரு சுற்றிலும் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும். போட்டிகளில் டிராகபுல்ட்டைச் சந்திக்காத நாளே அரிது என்பதால், 213 உள்ள ஒன்றை நானே வளர்த்தெடுப்பது என்று தீர்மானித்தேன்.

டிராகபுல்ட்டின் குழந்தைப் பருவம்தான் டிரீப்பி. முட்டையிலிருந்து அது 1ஆம் நிலையில் வெளிவருகிறது. அதன் அடிப்படை வேகம் 82. வேகத்தைக் குறைக்கும் இயல்பு அமையாதவரை, ஐவி 0 ஆக இருந்தாலும் 31 ஆக இருந்தாலும் திரையில் தெரியும் வேகம் 6தான். அதாவது, பிறந்த குட்டியின் எண்களைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லவே முடியாது. ஐவியை வெளிப்படையாகக் காட்டும் மதிப்பீட்டு வசதி உண்டு என்றாலும், கதையை முடித்துவிட்டு பேட்டல் டவர் என்ற போட்டிக் கோபுரத்தில் படிப்படியாக முன்னேறியவர்களுக்கே அது திறக்கும். நான் அப்போது அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆகவே விளையாட்டு வாய்மொழியாகவும் போகிற போக்கிலும் சொல்லும் குறிப்புகளை நம்பியே வேலையைத் தொடங்கினேன்.

முதல் குறிப்பு, விளையாட்டு உலகின் ஐந்தாம் சாலையில், போக்கெமோன்களை இணைசேர விடும் காப்பகத்துப் பெண்மணியின் பேச்சில் இருக்கிறது. இரண்டு போக்கெமோன்களை அவரிடம் விட்டால், அவை எப்படிப் பழகுகின்றன என்று ஒரு வரி சொல்லுவார். வெறும் உபசாரப் பேச்சைப்போல ஒலிக்கும் அந்த வரி, உண்மையில் முட்டை கிடைக்கும் வாய்ப்பின் அளவு. மிக நன்றாகப் பழகுகின்றன என்றால் ஒவ்வொரு சோதிப்பிலும் 70 விழுக்காடு. ஏதோ பழகுகின்றன என்றால் 50. ஒன்றையொன்று அவ்வளவாக விரும்பவில்லை என்றால் 20. சேர்ந்து விளையாட விருப்பமில்லை என்றால் எத்தனை நாள் காத்திருந்தாலும் முட்டை வராது. நான் ‘லேக் ஆஃப் அவுட்ரேஜ்’ ஏரிக்கரையில் பாடுபட்டுப் பிடித்த ஆண், பெண் இரண்டையும் விட்டபோது இரண்டாவது வரியைத்தான் சொன்னார். பினாங்கின் பாயான் லெப்பாசில் இருக்கும் அக்காள் மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “சின்னம்மா, ரெண்டும் நீங்களே பிடிச்சதா இருந்தா அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. என்னோட ஆண் ஒண்ண அனுப்பறேன், மாத்திப் பாருங்க,” என்றான். ஒரே இனமாகவும் வெவ்வேறு ஆட்டக்காரர்களுக்கு உரியனவாகவும் இருக்கும் இணைக்கே அந்த 70 விழுக்காடு கிடைக்கும். அவன் பினாங்கிலிருந்து அனுப்பியது வந்து சேர்ந்ததும் பெண்மணியின் பேச்சு மாறியது. முட்டை தயாரானதும் அவர் நிற்கும் தோரணையே மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் அருகில் சென்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

முட்டையை அடைகாப்பதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. முட்டையின் விவரப் பக்கத்தில் வரும் வாசகம் நான்கு படிகளாக மாறும். அவ்வப்போது அசைகிறது என்பது மூன்றாவது, உள்ளிருந்து ஒலி கேட்கிறது என்பது கடைசி. குறைந்த காலத்தில் பொரியும் மேஜிகார்ப் முட்டை, கைக்கு வந்த உடனேயே ஒலி கேட்பதாகச் சொல்லிவிடும். டிரீப்பியிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ‘ஃபிளேம் பாடி’ என்ற சிறப்புத் தன்மையுள்ள கார்கோல் என்னும் போக்கெமோன் ஒன்றைக் குழுவில் வைத்துக்கொண்டால் நேரம் பாதியாகக் குறைகிறது. செந்தூலிலிருந்து மஸ்ஜிட் ஜாமேக் வரை எல்.ஆர்.டி. ரயிலில் உட்கார இடம் கிடைத்த காலைகளில், விளையாட்டுக்குள் மிதிவண்டியை வட்டமடிக்க விட்டே பல முட்டைகளைப் பொரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

என்னை உண்மையில் ஈர்த்தது குட்டியின் விவரப் பக்கத்தில் கடைசியாக வரும் குண வரிதான். ‘உண்பதில் விருப்பம் உடையது’, ‘தன் வலிமையில் பெருமை கொள்வது’ என்பன போன்ற வரிகளை அலங்காரம் என்றே பலரும் கடந்துபோகிறார்கள். மொத்தம் முப்பது வரிகள். ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து. எந்தத் திறனின் ஐவி மற்ற எல்லாவற்றையும்விட அதிகமோ, அந்தத் திறனுக்குரிய வரியே வரும். அந்த ஐந்தில் எது வருகிறது என்பது, ஐவியை ஐந்தால் வகுத்தால் கிடைக்கும் மீதியைப் பொறுத்தது. வேகத்தை எடுத்துக்கொண்டால், ‘ஓடுவதில் விருப்பம் உடையது’ என்பது மீதி 0; ‘ஒலிகளை உற்றுக் கேட்பது’ என்பது மீதி 1. 31ஐ ஐந்தால் வகுத்தால் மீதி 1 என்பதால், எனக்கு வேண்டியது இரண்டாவது. ஓட விரும்பும் குட்டியைத்தான் வேகமானது என்று யாரும் முதலில் எடுப்பார்கள். ஆனால் அதன் வேக ஐவி அதிகபட்சம் 30தான்.

இதிலிருந்து இன்னொரு விலக்கு விதியும் தானாகக் கிடைக்கிறது. ஒரு குட்டியின் எந்தத் திறனிலாவது 31 இருந்தால், அதுவே உச்சம். ஆகவே மீதி 1க்கு உரிய ஆறு வரிகளில் ஒன்று கட்டாயம் வர வேண்டும். அந்த ஆறில் ஒன்றும் இல்லையென்றால், அந்தக் குட்டியிடம் 31 எங்குமே இல்லை என்று அடித்துச் சொல்லலாம். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இந்த ஆறு வரிகளையும் எழுதி மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டேன். பொரிந்தவற்றில் பெரும்பகுதியை ஒரே பார்வையில் கழித்துவிட முடிந்தது.

மீதி 1 என்பது 26, 21 ஆகியவற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஒலிகளை உற்றுக் கேட்கும் எல்லாக் குட்டியும் 31 ஆகிவிடாது. அங்கேதான் கணக்கு உதவுகிறது. அனுபவ மிட்டாய்களைக் கொடுத்து 50ஆம் நிலைக்கு உயர்த்தினால், பயிற்சியே பெறாத ஜாலி டிரீப்பியின் வேகம் 31க்கு 112 ஆகவும் 26க்கு 110 ஆகவும் வரும். மிட்டாய்கள் பயிற்சிப் புள்ளிகளைச் சேர்ப்பதில்லை என்பதால் கணக்கு கலங்காது. 50ஆம் நிலையில் அது அடுத்த பருவமான டிராக்லோக்காக உருமாறப் பார்க்கும். எவர்ஸ்டோன் கல்லைக் கொடுத்துவிட்டால் உருமாறாது. அதே கல்லைப் பெற்றோரில் ஒன்றுக்குக் கொடுத்தால் அதன் இயல்பு குட்டிக்கு அப்படியே இறங்கும். மற்றதன் கழுத்தில் டெஸ்டினி நாட் என்ற முடிச்சு. பெற்றோர் இருவரின் பன்னிரண்டு ஐவிகளில் வழக்கமாக மூன்று குட்டிக்கு வரும். இந்த முடிச்சு இருந்தால் ஐந்து வரும். இயல்பின் விளைவை மாற்றும் மின்ட் இலைகளைக் கொடுத்துப் பெற்றோரைச் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு; இலை மாற்றுவது அந்த விளைவை மட்டுமே, முட்டைக்கு இறங்குவது பிறவி இயல்பே.

112 காட்டிய குட்டி ஒன்று வந்ததும் அக்காள் மகனின் டிரீப்பியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, தாயோடு அதைச் சேர்த்தேன். இணையில் இரண்டும் இப்போது என்னுடையவையே என்பதால், பெண்மணியின் வாக்கியம் மீண்டும் ஒரு படி இறங்கியது. வாய்ப்பு குறைந்தாலும் தரம் உயர்ந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

குண வரிக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு மூன்று திறன்கள் 31ஐத் தொட்டுவிட்டால், அவற்றுள் ஒன்றை மட்டுமே அது பேசும்; எதைப் பேசும் என்பது உள்ளே மறைந்திருக்கும் வேறோர் எண்ணின் முடிவு. தலைமுறைகள் நல்லவையாக ஆக ஆக, வரி சொல்லும் செய்தி குறைந்துகொண்டே போகிறது. பின்னாளில் மதிப்பீட்டு வசதி திறந்ததும் பெட்டியைப் புரட்டினேன். விலக்கு விதியால் ஒதுக்கியவற்றுள் ஒன்றிலும் 31 இல்லை. போட்டிக்கு எடுத்துச் சென்ற டிராகபுல்ட்டுக்கு வேகமும் தாக்குதலும் உச்சம். ஆனால் உயிர்ப்புள்ளியின் ஐவி நடுத்தரமாகவே இருந்தது. முடிச்சையும் கல்லையும் அடுத்த இணைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒதுக்கியவற்றை, முகம் தெரியாத ஆட்டக்காரர்களோடு மாற்றிக்கொள்ளும் சர்ப்ரைஸ் டிரேட் வழியே ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.