மூட்டை கட்டும் ராத்திரி

நேற்று ராத்திரி பத்தரை வரைக்கும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தோம். தூத்துக்குடியில் எங்கள் பங்கின் (கத்தோலிக்கத் தேவாலய வட்டாரத்தின்) வின்சென்ட் தே பவுல் சபை, கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் மூட்டை. 10 கிலோ அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், சீனி, அப்புறம் ஒரு பொட்டலம் மக்ரூன். 'மக்ரூன் எதுக்கு, அந்தக் காசுக்கு அரிசியைக் கூட்டலாமே' என்று வழக்கம்போல ஒருவர் ஆரம்பித்தார். "இனிப்பு இல்லாம என்ன பண்டிகை?" என்று பொருளாளர் அக்கா ஒரே போடாகப் போட்டார். நான் அக்கா கட்சி.

டிசம்பர் இங்கே கடல் தொழிலுக்கு மோசமான மாதம். வாடைக்காற்று, மழை, புயல் எச்சரிக்கை என்று வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். பண்டிகை வருவதும் அப்போதுதான்.

1833இல் பாரிஸில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய சபை இது. வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை வேலை. நாங்களும் இரண்டிரண்டு பேராகப் பொழுது சாய்ந்த பிறகுதான் போவோம். மேடை, ஃபோட்டோ எதுவும் கிடையாது.

போன வருஷம் ஒரு பையனுக்கு நான் எடுத்த சட்டை அவன் தம்பிக்குத்தான் சேர்ந்தது. பாவம், அவன் வாயே திறக்கவில்லை. இந்தத் தடவை முன்கூட்டியே போய் அளவு கேட்டேன். அவன் அம்மா சிரித்துக்கொண்டே, "ஒரு சைஸ் பெருசாவே எடுங்க அண்ணாச்சி, ஈஸ்டருக்கும் போடுவான்" என்றார்.