நிமசுலைடுக்குப் பிறகு: மாட்டுக்கான வலி ஊசியில் இனி என்ன?

2024 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு, கால்நடைகளுக்கான நிமசுலைடு என்ற வலிநிவாரணி மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் விநியோகத்தையும் தடை செய்தது. அதற்கு முன், 2023 ஜூலை 31 அன்று கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. 2006இல் தொடங்கிய டைக்ளோஃபெனாக் தடையையும் சேர்த்தால், ஒரு தலைமுறைக் கால்நடை மருத்துவர்கள் நாள்தோறும் கையாண்ட வலிநிவாரணிகளில் நான்கு இப்போது சட்டப்படி நம் பையில் இருக்கக் கூடாதவை. கிராமப்புறத்தில் சிகிச்சை செய்யும் சக மருத்துவர்களோடு பேசும்போதெல்லாம் இந்தத் தடைகளைப் பற்றி ஒரு மனக்குறை எழுகிறது: "எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், மீதியிருக்கும் மெலாக்ஸிகாம் வேலை செய்வதில்லை." இந்தக் குறையின் பிற்பாதியைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். தடை செய்யப்படாத வலிநிவாரணியான மெலாக்ஸிகாம் வேலை செய்கிறது. நாம் அதைப் போடும் அளவும் அதனிடம் எதிர்பார்க்கும் நேரமும்தான் பெரும்பாலும் தவறாக இருக்கின்றன.

தடைக்கான காரணம், அதாவது மருந்து போட்ட மாட்டின் உடலைத் தின்னும் பாறுக் கழுகுகள் இறப்பது, பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அதன் மருந்தியல் பக்கத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைவதை 1990களின் இறுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்துப் பதிவு செய்தார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்தன. நோய்க்கிருமி ஒன்றைத்தான் முதலில் எல்லோரும் தேடினார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு, 2004இல் உண்மைக் காரணத்தை வெளியிட்டது. இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருந்தது. அவற்றின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் இறந்த மாட்டின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தின்ற பறவை, சிறுநீரகம் செயலிழந்து இரண்டொரு நாளில் மடிகிறது.

அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். 400 கிலோ பசுவுக்கு டைக்ளோஃபெனாக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் 400 மில்லிகிராம் போடப்பட்டு வந்தது. வெண்முதுகுப் பாறுக்கோ, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.1 முதல் 0.2 மில்லிகிராம் உட்சென்றாலே அதை உண்டவற்றில் பாதிப் பறவைகள் இறந்துவிடும்; அதாவது நான்கரை கிலோ எடையுள்ள ஒரு பறவைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, முதிர்ச்சி அடைய ஐந்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனம் இது. ஆகவே, நாட்டில் கிடக்கும் இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த வேகத்தில் அழிவு நிகழ முடியும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். "நான் ஒருவன் எப்போதாவது போடும் ஊசியால் என்ன ஆகிவிடும்" என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கே பதில்.

2006 தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டன. அதனால்தான் 2015இல் மனிதப் பயன்பாட்டு ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. 75 மில்லிகிராம் கொண்ட அந்தக் குப்பிகளில் ஐந்துக்கும் மேற்பட்டவற்றை உடைத்தால்தான் ஒரு பசுவுக்குப் போதும் என்பதால், அந்தத் திருட்டு வழி செலவும் சிரமமும் மிக்கதாகியது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. ஆனால் டைக்ளோஃபெனாக் விட்டுச்சென்ற இடத்தை மற்ற மருந்துகள் நிரப்பின. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. எனவே அது வேறு பெயரில் வந்த அதே மருந்து. கீட்டோபுரோஃபென், மாடுகளுக்குப் போடப்படும் அளவிலேயே பாறுகளைக் கொல்வது தென்னாப்பிரிக்க ஆய்வுகளில் 2009 வாக்கில் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நாடு தழுவிய தடை வர 2023 ஆனது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை தரும் செய்தி. பங்களாதேஷ் அதை 2021லேயே செய்து முடித்துவிட்டது.

இனி சிகிச்சைக்கு வருவோம்.

கீட்டோபுரோஃபெனை மருத்துவர்கள் விரும்பியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அது விரைவாக வேலை செய்யும். கறவை மாட்டின் பாலைக் கொட்ட வேண்டிய காலம் அதற்கு ஐரோப்பிய லேபிள்களில் சுழியம். மழைக்காலத்தில் பரவும் மூன்று நாள் காய்ச்சலில், விறைத்துப் படுத்திருந்த மாடு அந்த ஊசிக்குப் பின் எழுந்து நிற்பதைப் பார்த்த விவசாயி அதையே மீண்டும் கேட்பார். மெலாக்ஸிகாமை அதே கடிகாரத்தை வைத்து அளந்தால் அது தோற்றதாகத்தான் தெரியும். தோலுக்கடியில் ஒருமுறை போடும்போது அதன் இரத்த அளவு உச்சத்தை எட்டக் கறவைப் பசுவில் சுமார் 4 மணி நேரமும் கிடேரியில் சுமார் 8 மணி நேரமும் ஆகின்றன. ஆனால் அது உடலில் தங்கும் காலமும் அதிகம்: அதன் அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) கறவைப் பசுவில் 17 மணி நேரத்துக்கு மேல், கிடேரியில் 26 மணி நேரம். ஆகவே மாலையில் போட்ட ஊசியின் பலனை மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் "கேட்கவில்லை" என்று வேறொரு வலிநிவாரணியை மேலே ஏற்றுவது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் வரவழைக்கும் செயல். உடனடிப் பலன் கட்டாயம் வேண்டுமென்றால் இரத்தக் குழாய் (சிரை) வழியே கொடுக்கலாம். அந்த வழி அனுமதிக்கப்பட்ட தயாரிப்பா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. மாடுகளுக்கு ஐரோப்பாவில் அங்கீகரிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், ஒரே முறை. 400 கிலோ பசுவுக்கு அது 200 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள கரைசல் கையில் இருந்தால் 40 மில்லி தேவை. 20 மில்லிகிராம் உள்ள கரைசல் என்றால் 10 மில்லி போதும். நடைமுறையில் நான் காண்பது, நீர்த்த கரைசலில் 10 அல்லது 15 மில்லியைப் பெரிய கலப்பினப் பசுவுக்குப் போட்டுவிட்டு, அதை முழுச் சிகிச்சை என்று கருதுவது. 10 மில்லி என்பது தேவையானதில் கால் பங்கு. பசுவின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஏற்படும் குறைமதிப்பும் சேர்ந்துகொண்டால் அதுகூடத் தேறாது. நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கையிலிருக்கும் குப்பியின் செறிவைப் படித்துக் கணக்குப் போட்டு, தேவையான முழு அளவைப் போட்டவர்கள் மெலாக்ஸிகாமைக் குறைசொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. நீரிழப்புள்ள மாட்டுக்கு முதலில் திரவம், பிறகுதான் வலிநிவாரணி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் என்பதால் வாய்வழியாக எந்தக் கஷாயத்தையும் மருந்தையும் புகட்டக் கூடாது என்று வீட்டாரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். புகட்டியது நுரையீரலுக்குள் போய் மாடு இறப்பது அந்த நோயால் அல்ல, புகட்டலால். படுத்த மாட்டுக்குக் கால்சியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், அது நெஞ்சின் மீது நிமிர்ந்து உட்காரும்படி முட்டுக்கொடுப்பதும், இரண்டாவது ஊசியைவிடப் பல நேரங்களில் பயன் தருபவை.

பால் விலக்குக் காலத்தைப் பொறுத்தவரை மெலாக்ஸிகாமுக்குக் குறை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய லேபிளின்படி பாலுக்கு 5 நாள், இறைச்சிக்கு 15 நாள். தினமும் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஐந்து நாள் என்பது சிறிய இழப்பன்று. இந்த இடத்தில்தான் டோல்ஃபெனாமிக் அமிலம் என்ற மற்றொரு வலிநிவாரணி முக்கியமாகிறது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இணைந்து பாறுகளில் அதைச் சோதித்து, மெலாக்ஸிகாமுக்கு அடுத்ததாக ஏற்கத்தக்கது என்று அண்மை ஆண்டுகளில் அறிவித்துள்ளன. மடிநோய்க் காய்ச்சலிலும் கன்றுகளின் நுரையீரல் அழற்சியிலும் அது பயன்பட்டு வந்த மருந்துதான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறையின் கொள்முதல் பட்டியலில் அதைச் சேர்க்கக் கோருவது, தடைகளைப் பற்றிப் புலம்புவதைவிட நம் சங்கங்கள் செய்யத்தக்க வேலை.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் வெறும் செய்தித்தாள் செய்தியாக இருக்க முடியாது. தென்னிந்தியாவில் பாறுகள் எஞ்சியிருக்கும் பெரிய நிலப்பரப்பு, முதுமலையும் சத்தியமங்கலமும் பந்திப்பூரும் வயநாடும் நாகரஹொளேயும் சேர்ந்த காடு. அதன் நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. 2023 டிசம்பரில் மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 320 பாறுகள் காணப்பட்டன. அவற்றில் 78 முதுமலையிலும் 70 சத்தியமங்கலத்திலும். இந்தப் பறவைகளுக்கு அங்கே காட்டு விலங்குகளின் இறந்த உடல்களும் உணவாகின்றன என்பதால்தான் அவை தப்பித்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஆனால் பாறு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக் கூடியது. நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் வேலை செய்யும் மருத்துவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கர்நாடகச் சமவெளியில் போடப்படும் ஊசியும் அதே பறவையை எட்டும்.

ஆகவே மூன்று நடைமுறைகளை நம்மில் ஒவ்வொருவரும் கைக்கொள்ளலாம். முதலாவது, எந்த மாட்டுக்கு எந்த வலிநிவாரணி, எந்த நாளில், எவ்வளவு என்பதைச் சிகிச்சைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. மாடு இறந்தால் அதைத் திறந்த வெளியில் போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேறு ஆதாரம் கிடையாது. இறப்பதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மெலாக்ஸிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் தவிர்த்த ஏதேனும் வலிநிவாரணி போடப்பட்டிருந்தாலோ, என்ன போடப்பட்டது என்றே தெரியாமல் இருந்தாலோ, ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே சரி. இரண்டாவது, உரிமம் இல்லாமல் ஊசி போடுபவர்கள் பழைய கையிருப்பை இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் தெரிவிப்பது. மூன்றாவது, பாறு ஏதேனும் இறந்துகிடப்பதாகத் தகவல் வந்தால், உடற்கூறு ஆய்வில் யூரிக் அமிலப் படிவு தென்பட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் உறைநிலையில் பாதுகாத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வனத்துறை மருத்துவருக்கு உதவுவது.

மேலே சொன்ன நான்கு தடைகளில் ஃப்ளுனிக்ஸின் என்ற வலிநிவாரணி இல்லை. ஸ்பெயினில் அந்த மருந்தால் ஒரு பாறு இறந்தது ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரு மருந்தை விற்பனைக்கு விட்டு, பறவைகள் இறந்து, ஆய்வு நடந்து, பல ஆண்டுகள் கழித்துத் தடை வருவது என்ற சுற்று டைக்ளோஃபெனாக்கில் தொடங்கி நிமசுலைடு வரை நடந்திருக்கிறது. புதிதாக வரும் எந்த வலிநிவாரணியும் மாட்டுக்கு அனுமதிக்கப்படும் முன்பே பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்ற விதியை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொண்டுவரும்வரை, மாட்டுக்கு ஃப்ளுனிக்ஸினை நான் எழுதித் தருவதில்லை. குதிரையின் வயிற்று வலிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். அந்தக் குதிரை பிழைக்காவிட்டால் உடலைப் புதைப்பதற்கு உரிமையாளரின் ஒப்புதலை ஊசி போடும் முன்பே பெற்றுவிடுகிறேன்.