லெவர் கவாலா சார்ட்: கத்தரி போட்டுப் பார்த்தேன்

அயர்லாந்தில் யார் யார், எந்த வரிசையில் வந்து குடியேறினார்கள் என்று சொல்லும் 11ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு 'லெவர் கவாலா'. ஆய்வாளர் மெக்காலிஸ்டர் 1938 முதல் 1956 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பைப் பார்த்து, அதை நீளமான சார்ட் பேப்பரில் குலவரிசையாக வரைந்து வருகிறேன்.

தொடக்கம் தடையில்லாமல் ஓடியது. பைபிள் நோவாவின் மகன் யாப்பேத்தின் வழியில் ஃபேனியஸ். அவன் மகன் நேல் எகிப்துக்குப் போய் பார்வோன் மகள் ஸ்கோட்டாவைக் கட்டிக்கொள்கிறான். அவர்கள் பிள்ளைதான் கேல் மக்களுக்கு, அதாவது ஐரிஷ்காரர்களுக்கு, பெயர் தந்த கோய்தெல். பாம்பு கடித்த அந்தக் குழந்தையை மோசே வந்து பிழைக்க வைக்கிறார். அப்புறம் சந்ததியார் கடல் கடந்து, அலைந்து, ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே பிரேகோனின் கோபுரத்தில் ஏறி, குளிர்கால மாலையொன்றில் அந்த வழியில் வந்த ஈத் அயர்லாந்தைப் பார்க்கிறான். (நடுவே கிடக்கும் கடலை நினைத்தால், அபாரமான கண்பார்வை!)

பார்த்தவன் கப்பலேறும் முன் கதை ஜலப்பிரளயத்துக்கும் முன்னால் தாவிவிடுகிறது. பிரளயத்துக்கு 40 நாள் முன்பு கெஸ்ஸைர் 50 பெண்களோடும் 3 ஆண்களோடும் வந்து இறங்குகிறாள். ஃபிந்தன் தவிர எல்லோரும் மாள்கிறார்கள். பிறகு பார்தலோன். அவன் கூட்டத்தில் 9,000 பேர் கொள்ளைநோயில் ஒரே வாரத்தில் போய்விடுகிறார்கள். நேமெத், 37 ஆண்டு ஆண்ட ஃபிர் போல்க் கூட்டம், துவாஹா தே தனன் கூட்டம் என்று குடியேறியவர்களின் வரிசை நீள்கிறது. ஈத்தின் கோடோ ஒரு முழத்துக்குக் காலியாகத் தொங்கியது.

சரி என்று கத்தரியை எடுத்து அந்த நடுத்துண்டை அப்படியே வெட்டினேன். இரு ஓரங்களையும் ஒட்டியதும் கோபுரத்திலிருந்து நேரே கப்பல். ஒரு கண்ணிகூட அறுபடவில்லை! இவை முதலில் இரண்டு தனி நூல்கள், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிவிட்டார்கள் என்பதுதான் மெக்காலிஸ்டரின் கட்சி. அதை வாசித்தபோது தலையாட்டியதோடு சரி. ஒட்டிய தாளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒட்டிய பட்டைக்குப் பக்கத்தில் இஸ்ரவேலரின் யாத்திரையையும் எழுதினேன். எகிப்து, கடல், அலைச்சல், உயரத்திலிருந்து கண்ட நாடு. அச்சு அசல் அதே வழி.

ஆண்டுகளை மட்டும் பென்சிலில் விட்டிருக்கிறேன். பிரதிக்குப் பிரதி எண்கள் மாறுகின்றன. அடுத்து, டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியிலுள்ள இந்த நூலின் பிரதி அடங்கிய 12ஆம் நூற்றாண்டு லென்ஸ்டர் சுவடியின் படங்களை இணையத்தில் திறந்து, அந்த எண்களைச் சரிபார்க்க வேண்டும். பக்கமெங்கும் 7 போல ஒரு கோடு வருகிறது. எண் என்று நினைத்துவிடக் கூடாது. 'உம்' என்பதற்கான சுருக்கக்குறி அது.