வாசல் இல்லாத வீட்டுக்கு ஒரு மரமயில்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு வாசல் என்று இருப்பது ஒரு இரும்புக் கேட்டும் அதன் முன்னால் ஓடும் பொது நடைபாதையும்தான். ஒன்பதாவது மாடி, வாடகைக்கு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. 2023இல் குடிவந்ததும் என் மனைவி கோலம் போட்டாள். அறந்தாங்கிப் பக்கம் தெருவை அடைத்துக் கோலம் போட்டுப் பழகிய கை அது. மறுநாள் நடைபாதையைக் கழுவும் நாள். தண்ணீரோடு கோலமும் போய்விட்டது. கழுவியவர் மேல் குற்றமில்லை, எல்லாரும் நடக்கிற இடம்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, கேம்பல் லேன் சந்தைக் கூட்டத்தில் நசுங்கி, தேக்காவில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கேட் இருட்டாக நின்றது. "அங்கே இருக்கிற வெளிச்சத்துல கொஞ்சம் நம்ம வாசலுக்கும் வேணுங்க" என்றாள். அவள் சொன்ன விதம் மனத்தில் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு நானே செய்வது என்று முடிவெடுத்தேன். மூன்றடி உயரக் குத்துவிளக்கு, பிளைவுட்டில். கையில் கிடைத்த மலிவுப் பலகையை வாங்கி, கைரம்பத்தால் அறுத்து, தங்க நிறம் பூசிக் கேட்டில் கட்டினேன். அக்டோபரில் இங்கே பிற்பகல் இடிமழை அதிகம். காற்றோடு வரும் சாரல் நடைபாதைக்குள் வீசும். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறையாது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது விளக்கின் அடிப்பாகம் உப்பி, பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது.

ஊரில் தச்சு வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "முகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்கியேப்பா. ஓரத்தை ஏன் விட்டே? பலகை தண்ணி குடிக்கிறதே ஓரத்தாலதான்."

யாராவது இங்கே மர அலங்காரம் செய்ய நினைத்தால் இதை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையால் ஒட்டியது. அறுத்த ஓரத்தில் மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன, அவை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் பயன்படுத்தும் மலிவுப் பலகையின் பசை ஈரத்தைத் தாங்காது; மரைன் பிளைவுட்டில் தண்ணீருக்கு அசையாத ஃபீனால் பசை. விலை கூடுதல்தான், ஆனால் மறுபடி செய்யும் வேலை மிச்சம். ஓரத்தை முதலில் 120ஆம் எண் உப்புத்தாளிலும் பிறகு 220இலும் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சை இரண்டு முறை, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு மற்றொன்று என்று பூச வேண்டும். அப்புறம்தான் முகத்தில் கைவைக்க வேண்டும். கடைசியில் வெளிப்புற வார்னிஷ். அடிப்பாகம் தரையைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் நின்றால் கழுவும் தண்ணீரும் ஏறாது.

2025இல் மயில் செய்தேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரை எல்லாரும் பாக்சிக் என்பார்கள், நானும் அப்படியே. கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ரமலான் கடைசி நாட்களில் தன் கேட் முழுக்க வண்ண விளக்கு தொங்கவிடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "தம்பி". நான் கைரம்பத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் ஜிக்சாவை, வளைவாக அறுக்கும் மின்ரம்பத்தை, எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலை கூடாது. எங்கள் மயிலுக்கு அந்த விதி பொருந்துமோ இல்லையோ, தூங்குகிற அண்டை வீட்டாரை எழுப்ப எங்கள் இருவருக்கும் மனமில்லை. அதனால் சனிக்கிழமை முற்பகல்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஜிக்சாவின் பற்கள் மேல்நோக்கி அறுக்கும், அதனால் மேலே இருக்கும் பக்கம்தான் சிலும்பும் என்று அவர் காட்டித் தந்தார். படத்தைப் பலகையின் பின்பக்கத்தில் வரைய வேண்டும். மயில் வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் இடப்பக்கம் பார்ப்பதாக வரைய வேண்டும். கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி அறுத்தால் சிலும்பல் இன்னும் குறையும். தோகைக் கண்களுக்கு முதலில் துளை போட்டு, அதற்குள் பிளேடை இறக்கி அறுத்தோம். பதினேழு கண்கள், மூன்று சனிக்கிழமை.

சுவரில் ஆணி அடிக்கவில்லை. கேட்டில் கேபிள் டை போட்டுக் கட்டினேன். தீ பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி இது என்பதால் நடைபாதையில் 1.2 மீட்டர் அகலமாவது விட்டிருக்க வேண்டும், அதை அளந்தும் பார்த்தேன். மரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் விளக்கு வேண்டாம் என்று தோகைக்குப் பின்னால் பேட்டரி எல்இடி. அக்டோபர் 20, தீபாவளி. முந்தின நாள் மாலை நல்ல மழை. காலையில் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

அன்று முறுக்குத் தட்டோடு கோடி வீட்டுக்குப் போனோம். அங்கிருக்கும் சீன ஆன்ட்டி இரண்டு ஆண்டுகளாக லிஃப்ட்டில் தலையை மட்டும் அசைப்பவர். தட்டை வாங்கிக்கொண்டவர் எங்கள் கேட் வரை கூடவே நடந்து வந்து, மயிலைத் தொட்டுப் பார்த்தார். 2026 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு; ஆண்டுக்கு ஒரு விலங்கு என்ற சீன வழக்கப்படி அது குதிரை ஆண்டு. தனக்கு ஒரு குதிரை செய்து தர முடியுமா என்று கேட்டார்.

மீந்த பலகையின் பின்பக்கத்தில் இப்போது ஒரு குதிரை வரைந்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த குதிரை எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரைதான். கழுத்து நிமிர்ந்து, முன்னங்கால் தூக்கி நிற்கும். ஆன்ட்டிக்குக் காட்டினேன். கழுத்தில் மணி இருக்கட்டும், நிறம் மட்டும் சிவப்பு என்றார். பாக்சிக் புது பிளேடு வாங்கி வைத்திருக்கிறார்.