முதலில் காதுகொடுங்கள், பிறகு படியுங்கள்

ஓர் உணவகத்தின் சமையலறைத் திரைக்காக நான் எழுதிய நிரல், புதிய ஆர்டர் வந்திருக்கிறதா என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் 'இல்லை' என்பதே பதில். எனவே, மாற்றம் நிகழும்போது தரவுத்தளமே சொல்லும்படி அமைக்க முடிவு செய்தேன்.

அதற்கு 'லிசன்' (காதுகொடு), 'நோட்டிஃபை' (தெரிவி) என்ற இரண்டு கட்டளைகள் போஸ்ட்கிரெஸிலேயே இருக்கின்றன. நிரல் ஓர் இணைப்பைத் திறந்து ஒரு சேனலில் காத்திருக்கும்; ஆர்டர் அட்டவணையில் புதிய வரிசை சேர்ந்ததும் ஒரு டிரிகர் (மாற்றம் நிகழ்ந்ததும் தரவுத்தளம் தானாக இயக்கும் சிறு நிரல்) அந்தச் சேனலுக்குச் செய்தி அனுப்பும். டிரான்சாக்‌ஷன் கமிட் ஆன பிறகே, அதாவது அந்த மாற்றத் தொகுப்பு உறுதியாகப் பதிவான பிறகே, செய்தி வெளியே போகும், ரோல்பேக் ஆனால் (ரத்தானால்) போகவே போகாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியின் அளவு இயல்பான அமைப்பில் 8000 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பி மற்ற விவரங்களை அட்டவணையிலிருந்து படித்துக்கொண்டேன்.

ஒரு மாலை, தரவுத்தளத்துடனான இணைப்பு சில நிமிடங்கள் அறுந்து மீண்டும் இணைந்தது. இடையில் வந்த மூன்று ஆர்டர்கள் திரைக்கு வரவே இல்லை. சாப்பிட வந்தவர்கள் காத்திருந்தார்கள். தவறு என்னுடையது. அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாதவருக்காக நோட்டிஃபை எதையும் எடுத்துவைப்பதில்லை என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை.

இணைந்ததும் விடுபட்டவற்றைப் படித்துவிடலாம் என்றால், அதிலும் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் படித்துவிட்டுப் பிறகு லிசன் கொடுத்தால், அவ்விரண்டுக்கும் நடுவே கமிட் ஆகும் ஆர்டர் தொலைந்துபோகும். முதலில் லிசன் கொடுத்துவிட்டுப் படித்தால், அதிகம் போனால் ஒரே ஆர்டர் இருமுறை வரும், அதை ஆர்டர் எண்ணை வைத்து விலக்கிவிடலாம். 'கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேற்பட்டவை' என்று கேட்பதும் சரிவராது. அட்டவணையில் வரிசை சேரும்போதே எண் கிடைத்துவிடுகிறது, கமிட் ஆவதோ பிறகு. ஆகவே 102 முதலில் கமிட் ஆகி, 101 தாமதமாக வந்தால் 101-ஐ நிரல் ஒருபோதும் பார்க்காது. நான் இப்போது, இன்னும் சமைத்து முடிக்காத ஆர்டர்கள் அனைத்தையும் நிலையை வைத்தே படிக்கிறேன்.

தரவுத்தள இணைப்புகளைப் பலருக்கும் மாற்றி மாற்றிப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருளை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்திருப்பவர்கள் லிசனுக்கு மட்டும் தனியாக நேரடி இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாற்றத்தைக்கூட இழக்க முடியாத இடங்களுக்கு, 2014-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்பு முதல் லாஜிக்கல் டிகோடிங் (தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டிலிருந்து மாற்றங்களைப் படித்துத் தரும் வசதி) இருக்கிறது. படிப்பவர் பெற்றுக்கொண்டதாக உறுதி சொல்லும் வரை அதன் ஸ்லாட் (அவர் எதுவரை படித்தார் என்ற குறிப்பு) வால் (WAL) கோப்புகளை, அதாவது அந்த மாற்றப் பதிவேட்டின் கோப்புகளை, விடாமல் வைத்திருக்கும். படிப்பவர் நின்றுபோனால் அவை குவிந்து வட்டையே நிரப்பிவிடக்கூடும்; 13-ஆம் பதிப்பில்தான் அதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி வந்தது. எனவே கண்காணிக்க ஆள் இல்லாத அந்தச் சிறிய உணவகத்தில் அதை நான் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, சத்தமில்லாமல் செத்துப்போகும் இணைப்புகளை மனத்தில் வைத்து, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை சமைக்காத ஆர்டர்களை நிரல் மீண்டும் படித்துப் பார்க்கிறது.