பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவர்கள் கவனிக்க: பிக்மி எண்ணும் கூடவே போக வேண்டும்

ஐந்து மாதமாக இழுத்துக்கொண்டிருந்த மகப்பேறு உதவித்தொகை ஒருவழியாகப் போன வாரம் என் மனைவியின் கணக்கில் ஏறியது. பணம் வந்த நிம்மதியைவிட, இதற்காக எத்தனை முறை ஏற்காடு மலை ஏறி இறங்கினோம் என்கிற எரிச்சல்தான் இன்னும் மனதில் நிற்கிறது. எங்களைப் போலச் சேலத்தில் குடியிருந்துகொண்டு பிரசவத்துக்கு வேறு ஊரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். நாள் தள்ளிப்போனதும் வீட்டருகே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தோம், பிக்மி எண் என்கிற, கர்ப்பிணிக்கான 12 இலக்கப் பதிவு எண் கிடைத்தது, முதல் தவணையும் நெய், பேரீச்சை, சத்துமாவு வைத்த முதல் பெட்டகமும் ஒழுங்காக வந்தன. அதுவரை ஒரு குறையும் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி அம்மா வீட்டுக்குப் போனார். ஏற்காட்டுக்கு அப்பால், காபித் தோட்டத்தை ஒட்டிய சின்ன ஊர். இரண்டாவது பெட்டகம் அப்போது இருப்பில் இல்லை, "அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். அடுத்த மாதம் அவர் மலையில். அங்கே இருந்த நர்ஸம்மா பரிசோதனை எல்லாம் நன்றாகவே செய்தார், ஆனால் பெட்டகம் என்றதும், "உங்க நம்பர் சேலத்துல இருக்குதுங்க தம்பி, அவங்க இங்க மாத்தி விட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். சரி என்று கீழே வந்து கேட்டால், "இப்ப எந்த ஊர்ல இருக்காங்களோ அந்த ஊர் சிஸ்டர்தான் பாக்கணும்" என்று பதில். மறுபடி மேலே. மறுபடி கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு, போக வர அரை நாள், அன்றைய கூலியும் போச்சு. நாலாவது முறை நான் ஒரு வேலை செய்தேன்: மேலே இருந்த நர்ஸம்மாவின் முன்னால் நின்றுகொண்டே கீழே இருந்தவரை அலைபேசியில் அழைத்து இருவரையும் பேச வைத்தேன். இரண்டு நிமிடப் பேச்சு. அன்று சாயங்காலமே பிக்மி எண் சேலத்திலிருந்து மலைக்கு மாறிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். நீங்கள் ஊர் கிளம்புவதற்கு முன்பே பழைய சிஸ்டரின் அலைபேசி எண்ணையும் புதிய சிஸ்டரின் அலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறியதால் 108-ல் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறக்கினார்கள். ஆபரேஷன், பெண் குழந்தை, இருவரும் நலம். செலவு எதுவும் இல்லை. அந்த இரவு அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர்களை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. மூன்றரை மாத ஊசி போட்டு முடித்தும் பணம் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டேன், கவுண்டரில் இருந்தவர் கணினிப் பக்கம் திரும்பக்கூட இல்லை, "போட்டாச்சு, வந்துடும், போங்க" என்றார். மூன்று வாரம் கழித்துப் போனேன், அதே பதில். மூன்றாவது முறை குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனபோது, "பிரசவம் எங்க நடந்துச்சோ அங்க போய்க் கேளுங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்தப் பணத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், தவறாக அனுப்பியவர் அந்தக் கவுண்டர்க்காரர்தான்.

இது ஏன் என்று அப்புறம் படித்துத்தான் புரிந்துகொண்டேன். நமக்கு எல்லாம் ஒரே அரசாங்க ஆஸ்பத்திரி. ஆனால் அமைச்சர் ஒருவர்தான் என்றாலும் கீழே இயக்குநரகங்கள் தனித்தனி. ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம செவிலியரும் பொது சுகாதாரத் துறையின் கீழ், தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகளின் கீழ், கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மகப்பேறு பணத்துக்கான பதிவைச் செய்வது முதல் பிரிவு. ஆகவே பிரசவம் எங்கே நடந்தாலும் பணம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் உங்கள் செவிலியரும் வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையமும்தான். பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை வைத்திருப்பது நம் மாநிலத்தின் பலம் என்றுதான் நினைக்கிறேன். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகவும் (இன்றைய முதலமைச்சர் போல) டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராகவும் இருந்த காலத்தில் வந்த 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. தாய் சேய் நலம் உள்ளாட்சிகளின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. அந்த ராஜாஜி அதற்கு இருபது வருடம் முன்பு நம் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். இவ்வளவு பழைய ஏற்பாடு இருந்தும், ஒருவர் திரையைத் திருப்பிப் பார்க்காததால் கைக்குழந்தையோடு ஒரு தாய் அலைய வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் மலையிலிருந்த நர்ஸம்மாவே, "நானே கேட்டுச் சொல்றேன் வாங்க" என்று பதிவு செய்யும் பெண்ணிடம் கூட்டிப் போனார். அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்: பணம் அனுப்பப்பட்டு, திரும்பி வந்திருக்கிறது. மனைவியின் வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததில் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது, நாங்கள் கொடுத்திருந்தது பழைய பாஸ்புக்கின் நகல். புதிய பாஸ்புக் வாங்கி முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தோம், ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டோம். அவ்வளவுதான். கணக்கு மனைவி பெயரில் மட்டும் இருக்கட்டும், கணவனோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காகக் கொடுத்தால் வீண் குழப்பம். "போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு என்று அங்கேயே கேளுங்கள், பதில் வராமல் எழுந்திருக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பதட்டத்தில் அத்தை, அதாவது மனைவியின் அம்மா, தன் மகள் பெயருக்கு முன்னால் தன் வீட்டுக்காரர் இனிஷியலைச் சொல்லிவிட்டார், ஆதாரில் இருப்பதோ என் இனிஷியல். சான்றிதழில் அப்படியே வந்து, திருத்துவதற்குத் தனியாக இரண்டு நடை. பிரசவப் பையில் துணியோடு ஆதார் நகலையும் பிக்மி எண் எழுதிய அட்டையையும் வைத்து, கூடப் போகிறவரிடம் அதில் இருப்பது போலவே பெயர் சொல்லச் சொல்லுங்கள். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெட்டகம் பிரசவத்துக்குப் பத்து நாள் முன்புதான் கைக்கு வந்தது. இனி ஒன்பதாம் மாத ஊசி பாக்கி, அதற்குப் பிறகு கடைசித் தவணை. அடுத்த புதன்கிழமை ஊசிக்குப் போகும்போது புதிய பாஸ்புக்கையும் எடுத்துப் போகிறேன். நர்ஸம்மாவுக்குக் கொடுக்க அத்தை தோட்டத்து மிளகு கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறார்.