அம்மைக்க பிஸ்கட் டப்பா

வீட்டு வரி கட்டிட்டு வந்த ரசீத அம்மை கையில குடுத்தேன், அவ பழைய பிஸ்கட் டப்பாவ தொறந்து அப்பா காலத்து ரசீத எல்லாம் எடுத்து பக்கத்துல வச்சு பாக்கா. ஒண்ணுல துருப்பிடிச்ச குண்டூசி தடம்.

"வீடு அதே வீடுதான மக்கா, கரம் மட்டும் எப்பிடி கூடுச்சு?"

(1956-லயே எங்க நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சிய விட்டு தமிழ்நாட்டோட சேந்தாச்சு, அம்மைக்கு வரின்னா இன்னும் 'கரம்'தான்.)

2022-ல சதுர அடிய பொறுத்து 25-ல இருந்து 100 சதவீதம் வரை ஏத்துனாங்க, எங்களுக்கு 50. பொறவு வருஷத்துக்கு 6 சதவீதம் ஏத்தலாம்னு விதியும் வந்துச்சு. ஆறுதானேன்னு தோணும், ஆனா வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுனா 12 வருஷத்துல ரெட்டிப்பு.

நாகர்கோவில்ல புதுசா ஒரு வீடு வரலனாலும் மாநகராட்சிக்கு வருமானம் கூடும். தப்புன்னு சொல்லல, குப்பை வண்டிக்கு டீசலும் ஏறத்தான செய்யுது.

அம்மை டப்பாவ மூடிட்டு கேட்டா, "அப்போ பென்ஷனும் ரெட்டிப்பாவுமா?"